செப்புத் தறையாணி

உழைப்பாளியின் உடையை வரலாறாக எழுதுவோர் வணிகரின் பெயரிலேயே தொடங்குவர். நாம் ஒரு விறகுவெட்டியின் மனைவியிடமிருந்து தொடங்குவோம்.

1870ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து றீனோ நகரில், அப்பெண் தையற்காரர் யேக்கப் டேவிசிடம் வந்து, கணவனுக்கு எளிதிற் கிழியாத காற்சட்டை ஒன்று கேட்டார். விலை 3 டொலர். கனத்த துணி மட்டும் போதுமா? கருவிகள் திணித்த பையின் இழுவை முழுவதும் அதன் மூலைகளிலேயே விழுகின்றது. கிழிசலும் அங்கேதான் தொடங்கும். குதிரைப் போர்வைகளில் வார்களைப் பொருத்துவதற்கு வைத்திருந்த செப்புத் தறையாணிகளை டேவிஸ் அம்மூலைகளில் அடித்தார். இன்றைய ஜீன்சின் பிறப்பு இதுவே.

காப்புரிமைக்காக, தமக்குத் துணி விற்ற வணிகர் லீவை ஸ்ட்ராசை அவர் 1872இல் நாடினார். 1873 மே 20இல் அது கிடைத்தது. உலகில் நிலைத்ததோ வணிகரின் பெயர். றீகாவிற் பிறந்த தையற்காரரை அறிந்தோர் சிலரே.

இன்னொன்றும் உண்டு. சீனத் தொழிலாளரின் குடிவரவைத் தடுத்த 1882ஆம் ஆண்டுச் சட்டத்தையடுத்து, இக்காற்சட்டைகள் 'வெள்ளைத் தொழிலாளர் செய்தவை' என்ற விளம்பரத்துடன் விற்கப்பட்டன. சியரா நெவாடா மலையைக் குடைந்து றீனோவுக்கு இருப்புப்பாதை கொணர்ந்தவர்களோ பெரும்பாலும் சீனர்.