பிறந்தநாள் கேள்வி

2016 இலையுதிர்காலத்தில் விஸ்கான்சினில் தேர்தல் கருத்துக்கணிப்புக்காகத் தொலைபேசியில் கேள்வி கேட்கும் வேலை பார்த்தேன். கணினி எண்களைக் குலுக்கிப் போட்டுத் தரும். லேண்ட்லைனில் யார் எடுத்தாலும் முதலில், "உங்கள் வீட்டில் கடைசியாகப் பிறந்தநாள் வந்தவர் யார்? அவரிடம் பேசலாமா?" என்று கேட்போம். போனை எடுத்தவரையே கேட்டால், எப்போதும் வீட்டில் இருப்பவர்களின் குரலே அதிகம் சேரும்.

இந்தக் கவனம் பட்டறிந்து வந்தது. 1824இல் டெலவேரின் வில்மிங்டனில் அதிபர் தேர்தல் பற்றி எடுத்த கணக்கை ஹாரிஸ்பர்க் பத்திரிகை ஒன்று வெளியிட்டது: ஜாக்சனுக்கு 335, ஆடம்ஸுக்கு 169. அகப்பட்டவர்களை எண்ணிய காலம் அது. 1936 அதிபர் தேர்தலில் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் ஏறத்தாழ ஒரு கோடி மாதிரி வாக்குச்சீட்டுகளைத் தபாலில் அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்றது இதழ். ஆனால் அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களையே அதிகம் நம்பியதும், விருப்பப்பட்டவர்கள் மட்டும் பதில் போட்டதும் அந்தக் கணிப்பைக் கவிழ்த்தன.

2016இல் எங்கள் மாநிலத்தில் மார்க்கெட் (Marquette) பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் கடைசிக் கணிப்பு கிளின்டனுக்கு 46 சதவீதம், டிரம்புக்கு 40 சதவீதம் என்றது. டிரம்ப் சுமார் 22,700 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். பலர் கடைசி வாரத்தில்தான் முடிவெடுத்தார்கள் என்றும், பட்டதாரிகள் கூடுதலாகப் பதில் சொன்னதைப் பல மாநிலக் கணிப்புகள் சரிக்கட்டவில்லை என்றும் பிறகு நடந்த ஆய்வு சொன்னது.

"பால் கறக்கிற நேரம்" என்று போனை வைத்த ஒரு பண்ணைக்காரரை நான் 'மறுப்பு' என்று குறித்தேன். அவர் மனதில் இருந்தது எந்த எண்ணிக்கையிலும் ஏறவில்லை.