ஜொத்தோவும் தஞ்சைச் சோழ ஓவியரும்: கலைமரபின் தொடர்ச்சி பற்றிய ஒரு நோக்கு

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கலையின் வரலாற்றை எழுதப்புகுவோர் புளோரன்ஸ் நகரத்து ஓவியரான ஜொத்தோவிலிருந்து (ஏறத்தாழ 1267–1337) அதனைத் தொடங்குவது மரபு. அவரோ மத்திய காலத்தின் இறுதியில் வாழ்ந்தவர். மறுமலர்ச்சி ஓவியம் தன் முதிர்ச்சியை நோக்கி நடக்கத் தொடங்கியது அவர் மறைந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னராகும். அங்ஙனமாயின் அவரது செல்வாக்கு அத்துணைக் காலம் அறாது நிலைத்தமைக்குக் காரணம் அவருடைய மேதைமை மட்டுந்தானா? இவ்வினாவுக்கு விடைகாண, அவருக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு முற்பட்ட தஞ்சைச் சோழ ஓவியங்களின் வரலாறு நமக்குத் துணைபுரியும்.

ஜொத்தோவுக்கு முன்னர் இத்தாலியில் மேலோங்கியிருந்தது பைசாந்திய மரபாகும். பொன்னிறப் பின்னணியில், கனமற்ற உருவங்கள் நேர்முகமாய் நிற்கும் ஓவியங்கள் அவை. பாதுவா நகரில் ஸ்குரோவேஞ்ஞி குடும்பத்தினரின் சிற்றாலயத்தில், 1305ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற சுவரோவியங்களில், ஜொத்தோ இம்மரபினின்றும் விலகினார். அங்கு மாந்தர் எடையுள்ள உடலோடு மண்ணில் ஊன்றி நிற்கின்றனர். இறந்த இயேசுவைச் சூழ்ந்து புலம்பும் காட்சியில் இருவர் பார்ப்போருக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கின்றனர். அவர்தம் முகம் தெரியாவிடினும், குனிந்த தோள்களே துயரை உணர்த்திவிடுகின்றன. தெய்வக் கதையை மனிதர் வாழ்வாகக் காட்டிய இந்நோக்கே பிற்கால ஓவியத்துக்கு அவர் விட்டுச்சென்ற முதுசொம் எனலாம்.

அம்முதுசொம் மூன்று வழிகளிற் கைமாறியது. முதலாவது பட்டறை. ஜொத்தோவின் மாணவர் தத்தேயோ காத்தி. அவர் மகன் அக்னோலோ. அக்னோலோவிடம் பயின்றவர் சென்னினோ சென்னினி. இவர் 1400ஆம் ஆண்டளவில் எழுதிய ஓவியக் கைந்நூல், தம் தொழிற்பரம்பரையை ஜொத்தோவிலிருந்தே எண்ணுகின்றது. இரண்டாவது எழுத்து. ஜொத்தோ உயிரோடிருக்கையிலேயே தாந்தே தம் பெருங்காவியத்தில் அவர் புகழைக் குறித்தார். 1550இல் வசாரி ஓவியர் வரலாறுகளை எழுதியபோது அவருக்கு முதன்மையானதோர் இடம் அளித்தார். மூன்றாவது, ஓவியங்கள் கண்ணெதிரே இருந்தமை. 1420களில் பிரான்காச்சி சிற்றாலயத்தைத் தீட்டிய மசாச்சியோவின் உருவங்களில் ஜொத்தோவின் திண்மை மீண்டும் தோன்றுகின்றது. இளைஞரான மைக்கேல் ஆஞ்சலோ, சாந்தா குரோச்சே ஆலயத்தில் ஜொத்தோ தீட்டிய உருவங்களைப் பார்த்து வரைந்த படியொன்று இன்றும் பாரிஸ் நகர லூவர் அரும்பொருளகத்தில் உண்டு.

இவ்விடத்தே ஓர் உண்மை நோக்கற்பாலது. சாந்தா குரோச்சேயிலுள்ள அவ்வோவியங்களும் 18ஆம் நூற்றாண்டிற் சுண்ணாம்பு பூசி மறைக்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே சிதைவுகளோடு வெளிப்பட்டன. ஆயின் மறைப்பு நேருமுன்னரே அவற்றின் பயன் அடுத்தடுத்த தலைமுறைகளைச் சென்றடைந்துவிட்டது. சுவர் மறைந்தபோதும் மரபு மறையவில்லை.

தஞ்சையில் நேர்ந்ததோ வேறு. முதலாம் இராசராசன் 1010இல் நிறைவுசெய்த பெருங்கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில், சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலை செல்லும் காட்சியும், திரிபுரம் எரித்த பெருமானின் கோலமும் தீட்டப்பெற்றன. பாதுவாவிற்போலவே இங்கும் ஈரச் சுதைமீது வண்ணந் தீட்டும் முறை கையாளப்பட்டதென்பது இரசாயன ஆய்வாளர் பரமசிவன் கண்ட முடிபாகும். சுதை உலருமுன் கோட்டை முடிக்கவேண்டிய இம்முறைக்கு உறுதியான கையும் நீண்ட பயிற்சியும் வேண்டும். ஆகவே அவ்வோவியர்க்கும் ஒரு பட்டறை மரபு இருந்தமை தெளிவு. ஆனால் அவ்வோவியங்கள் ஒளி குன்றிய உட்சுற்றில் இருந்தன; நாயக்கர் காலத்தில் அவற்றின்மீது புதுச் சுதை பூசி வேறு ஓவியங்கள் தீட்டப்பட்டன. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி அவற்றைக் கண்டறியும்வரை உலகம் அவற்றை அறியவில்லை. கோயிற்பணிக்கென அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவரின் பெயர்களைப் பொறித்துவைத்த அக்கோயிலில், அச்சுவர்களைத் தீட்டிய ஓவியரின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. திறனிற் குறைவின்றியும் அவர்கள் தமக்குப் பிற்பட்டோருக்கு ஆசிரியராகும் வாய்ப்பை இழந்தனர்.

ஈழத்தின் கீழ்க்கரையில் வாழ்வோர்க்கு இவ்வுண்மை அயலானதன்று. கட்டைபறிச்சான், மூதூர் முதலிய ஊர்கள் அமைந்த கொட்டியாரக் குடாவின் வடபுறத்தே எழும் திருகோணமலைக் குன்றில் விளங்கிய கோணேசர் கோயிலை 1622இற் போர்த்துக்கேயர் தகர்த்தனர். அதன் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன. மறைத்துப் புதைக்கப்பட்ட செப்புத் திருமேனிகள் சில 1950இல் நிலத்தை அகழ்ந்தபோது வெளிப்பட்டு மீண்டும் வழிபாடு பெற்றன. புதைத்த செம்பு மீளலாம். இடித்த சுவரின் வண்ணம் மீளாது.

எனவே ஒரு கலைஞனின் செல்வாக்கு அவன் கைத்திறனால் மட்டும் அமைவதன்று. அவன் படைப்பைக் காக்கும் சுவரும், தொழிலைக் கற்கும் மாணவனும், பெயரை எழுதிவைக்கும் ஏடும் சேர்ந்தே அதனை ஆக்குகின்றன. ஜொத்தோவுக்கு இம்மூன்றும் வாய்த்தன. தஞ்சை ஓவியர்க்குச் சுவர் ஒன்றே, அதுவும் மறைவாய், எஞ்சியது. திருப்பணி என்ற பெயரால் பழஞ்சுவர்களுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. அடிக்குமுன் அதன்கீழ் இருப்பது யாதெனப் பார்ப்பதும், பார்த்ததைப் பதிவுசெய்வதும் வரலாறு பயில்வோரின் முதற்கடனாகும்.