ஆலயச் சிற்பி ஜான் பிரான்சிஸ் பென்ட்லி (1839 – 1902)

யூபிலி மலர்களைப் புரட்டிப் பார்த்தால், அடிக்கல் நாட்டிய ஆயரின் பெயர் இருக்கும். ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டிய பங்குத்தந்தையரின் பெயர் இருக்கும். நன்கொடையாளர் பட்டியல் பக்கம் பக்கமாக நீளும். ஆனால் அந்த ஆலயத்திற்குப் படம் வரைந்தவர் யார், தூணின் கனத்தையும் வளைவின் அகலத்தையும் கணக்கிட்டவர் யார் என்று கேட்டால் பல பங்குகளில் விடை கிடைப்பதில்லை. அத்தகைய ஒருவரைப் பற்றி இம்மலரில் எழுத விரும்புகிறேன். அவர் இங்கிலாந்து நாட்டவர். லண்டன் மாநகரில் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தைக் கட்டிய ஜான் பிரான்சிஸ் பென்ட்லி.

இளமையும் மனமாற்றமும்

பென்ட்லி 1839ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் யார்க்ஷயரிலுள்ள டான்காஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை திராட்சை இரச வணிகர். குடும்பம் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தது. அந்நகரின் புராதனமான புனித ஜார்ஜ் ஆலயம் 1853இல் தீக்கிரையாயிற்று. அதன்மீது பற்றுக்கொண்டிருந்த சிறுவன், எரிந்துபோன ஆலயத்தின் உருவத்தைச் சிறு மாதிரியாகச் செய்துவைத்தான். புகழ்பெற்ற ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் அதே இடத்தில் புதிய ஆலயம் எழுப்பியபோது, வேலைத்தலத்தில் மேற்பார்வையாளருக்கு உதவியாக நின்றான். பிறகு லண்டன் சென்று ஒரு கட்டட நிறுவனத்தில் தொழில் பழகினார். அங்கிருந்து ஹென்றி கிளட்டன் என்ற கத்தோலிக்கக் கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் சேர்ந்தார். தம்மோடு பங்காளியாக இருக்குமாறு கிளட்டன் அழைத்தும் அதை ஏற்காது, 1860இல், இருபத்தொரு வயதில், தனியே தொழில் தொடங்கினார்.

அக்கால இங்கிலாந்தைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமரும் உரிமை பெற்றது 1829இல்தான். மறைமாவட்டங்கள் மீண்டும் அமைந்தது 1850இல். பஞ்சத்திற்குத் தப்பி வந்த அயர்லாந்து ஏழைகள் லண்டன் பங்குகளை நிரப்பினர். மக்கள் ஏராளம்; பணமோ இல்லை. இத்தகைய திருச்சபையில்தான் பென்ட்லி 1862இல் சேர்ந்தார். நாட்டிங் ஹில் பகுதியிலுள்ள புனித அசிசி பிரான்சிஸ் ஆலயத்தின் ஞானஸ்நானத் தொட்டியை வடிவமைத்தவர் அவரே. அதே ஆலயத்தில் கர்தினால் வைஸ்மன் கையால் திருமுழுக்குப் பெற்றார். ‘பிரான்சிஸ்’ என்ற பெயர் அன்று சேர்ந்துகொண்டது.

முப்பது ஆண்டு உழைப்பு

அடுத்த முப்பது ஆண்டுகள் அவருக்குப் பெரிய வேலைகள் அதிகம் கிட்டவில்லை. ஓர் ஆலயத்தில் பீடம், மற்றோர் ஆலயத்தில் வண்ணக் கண்ணாடிச் சன்னல், வேறோரிடத்தில் திருவுடை, விளக்கு, தூம்பா என்று சிறு சிறு வேலைகளே வந்தன. அவற்றையும் பேராலயம் கட்டுவதுபோன்ற கவனத்தோடு செய்தார். போட்டிகளில் கலந்துகொண்டு வேலை தேடுவது அவர் வழக்கமன்று. படத்தில் ஒரு கோடு மனத்திற்கு ஒவ்வாவிடில் திரும்ப வரைவார், நாளானாலும் கவலைப்படமாட்டார்.

வாட்ஃபர்டு நகரில் திருச்சிலுவை ஆலயத்தை 1889இல் தொடங்கினார். அங்கே ஒரு கொடையாளரின் தாராளத்தால் பீடம் முதல் கதவின் தாழ்ப்பாள் வரை தம் மனம்போல் செய்து முடித்தார். அவருடைய கோதிக் ஆலயங்களில் அதுவே சிறந்தது என்பர். இதற்கு மாறாக, லண்டன் பிரிக்ஸ்டன் பகுதியில் தொடங்கிய நற்கருணை ஆலயத்திற்குப் பணம் போதவில்லை. பீடத்தை அடுத்த பகுதி எழுந்தது. மக்கள் நிற்கும் நடுக்கூடம் அவர் வரைந்தபடி எழவேயில்லை. கையில் பணம் இருக்குமளவுக்குக் கட்டு, கட்டுமளவுக்கு உறுதியாகக் கட்டு என்ற பாடத்தை இத்தகைய பங்குகள் அவருக்குக் கற்றுக்கொடுத்தன.

பேராலயம்

லண்டனில் கத்தோலிக்கப் பேராலயத்திற்கென்று 1884இல் கர்தினால் மானிங் வாங்கிய இடம், பழைய சிறைச்சாலை ஒன்று இருந்த நிலம். ஆனால் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளிகள் கட்டுவதே முதல் கடமை என்று கருதிய அவர் பேராலயத்தைத் தொடங்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர் கர்தினால் வாகன். மில் ஹில் மறைபரப்புச் சபையை 1866இல் நிறுவியவரும் இவரே. அச்சபைக் குருக்கள் பின்னாளில் சென்னை மறைமாநிலத்திலும் ஆந்திர நாட்டிலும் அரும்பணி ஆற்றினர். வாகன் 1894இல் பென்ட்லியைத் தேர்ந்தெடுத்தார்.

இங்கேதான் பென்ட்லிக்குச் சோதனை வந்தது. அவருடைய உள்ளம் நாடியது கோதிக் பாணி. வாழ்நாளெல்லாம் பயின்றதும் அதுவே. கர்தினாலோ வேறுவிதமாக எண்ணினார். அருகிலேயே வெஸ்ட்மின்ஸ்டர் அபே நிற்கிறது. கோதிக் பாணியில் கட்டினால் அதனோடு போட்டியிடுவதாகும். செலவும் மிகும், தலைமுறைகளும் கழியும். பெருந்திரளான மக்கள் பீடத்தைக் காணவும் மறையுரையைக் கேட்கவும் அகன்ற கூடம் வேண்டும். சுவரை முதலில் முடித்துவிட்டு, அலங்காரத்தைப் பின்னால் வருகிறவர்களுக்கு விடலாம். பென்ட்லி தம் விருப்பத்தை விட்டுக்கொடுத்தார். கீழைத் திருச்சபையின் பைசாந்தியப் பாணியை எடுத்துக்கொண்டார். ஐம்பத்தைந்தாம் வயதில் மாணவராக மாறி, 1894–95 குளிர்காலத்தில் இத்தாலிக்குப் பயணமானார். மிலான், ரோம், ராவென்னா, வெனிஸ் நகரங்களின் பழைய ஆலயங்களை ஆராய்ந்தார். கான்ஸ்தாந்திநோபிளில் காலரா பரவியிருந்ததால் அங்கே செல்ல இயலவில்லை.

1895ஆம் ஆண்டு ஜூன் 29, புனித பேதுரு, புனித பவுல் திருநாளன்று அடிக்கல் நாட்டப்பட்டது. நீளம் 360 அடி. நடுக்கூடத்தின் அகலம் 60 அடி. மணிக்கூண்டு, சிலுவை உச்சி வரை 284 அடி. செங்கற்கள் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம். பெரிய இடைவெளியை மூட இரும்பு உத்திரம் தேவை என்று நம்பிய காலத்தில், இரும்பின் துணையின்றிக் காங்கிரீட் குவிமாடங்களை எழுப்பினார். அவற்றின் பாரத்தைத் தாங்கும் முட்டுச் சுவர்களை வெளியே நீட்டாமல் ஆலயத்தின் உள்ளேயே அமைத்தார். அவற்றின் இடைவெளிகளே பக்கப் பீடங்களுக்கு இடமாயின. தெசலி நாட்டுப் பச்சைச் சலவைக்கல் தூண்கள் வந்துசேர, 1897இல் மூண்ட கிரேக்க–துருக்கிப் போரால் தாமதமாயிற்று.

முடிவைக் காணாதவர்

சுவர்கள் உயர உயர பென்ட்லியின் உடல் தளர்ந்தது. 1898இல் நாவில் புற்றுநோய் கண்டது. பின்னர் வந்த பக்கவாதம் பேச்சையும் தடுமாறச் செய்தது. ஆயினும் பணி நிற்கவில்லை. 1902இல் அரச கட்டடக் கலைஞர் கழகத்தின் தங்கப் பதக்கத்திற்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. அது உறுதியாகுமுன், மார்ச் 2ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். மார்ட்லேக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார். மறு ஆண்டு, 1903 ஜூன் 19இல், கர்தினால் வாகனும் காலமானார். அப்பேராலயம் கண்ட முதல் பெரும் வழிபாடு அவருடைய அடக்கத் திருப்பலியே! கட்டச் சொன்னவரும் காணவில்லை, கட்டியவரும் காணவில்லை. கடன் தீராத ஆலயத்தை அபிஷேகம் செய்வதில்லை என்ற ஒழுங்கின்படி, 1910 ஜூன் 28இல்தான் அபிஷேகம் நடந்தது.

இன்றும் அப்பேராலயத்தில் நுழைந்து மேலே பார்ப்பவர்கள் குவிமாடங்களில் வெறும் செங்கல்லையே காண்பார்கள். கீழே சலவைக்கல்லும் மொசைக் சித்திரங்களும் ஒளிர்கின்றன. 1914 முதல் 1918 வரை எரிக் கில் செதுக்கிய சிலுவைப்பாதை நிலைகள் இருக்கின்றன. மேலேயோ இருள். அதைக் குறை என்பாருண்டு. அந்த இருளே மன்றாட்டிற்கு ஏற்றது என்பாரும் உண்டு. எதுவாயினும், அலங்காரம் பாக்கியிருக்கிறதேயன்றிச் சுவரில் பாக்கியில்லை. அடுத்த தலைமுறைக்கு அவர் விட்டுச்சென்றது பொறுப்பை, பழுதை அல்ல.

தாவீது அரசன் ஆலயத்திற்குப் பொருள் சேர்த்தான். அது எழுந்ததைக் கண்டவன் அவன் மகன். எல்லா ஆலயங்களின் வரலாறும் இதுதான். நம் கையில் வந்துள்ள பகுதி சுவரோ கூரையோ வர்ணமோ, எதுவாயினும் அதைப் பின்வருவோர் இடித்துக் கட்ட வேண்டாத வகையில் செய்து வைப்போமாக. பெயர் அறியாத கொத்தனார்களையும் சிற்பிகளையும் இந்த யூபிலி ஆண்டின் திருப்பலிகளில் நினைவுகூர்வோம். இறைவன் அவர்களுக்கு நித்திய இளைப்பாற்றியை அருள்வாராக!