வரிக்கழிவு காட்டிய வழி: குடும்பச் சேமிப்பின் ஒரு நூற்றாண்டு

பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூரைத் தாண்டிக் கேளம்பாக்கம் வருவதற்குள் படூர் வந்துவிடும். ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த செங்கல்பட்டு வட்டாரத்தில் இன்று கண்ணில் படுபவை அடுக்குமாடிகள். தரமணியில் 2000இல் டைடல் பூங்கா திறக்கப்பட்டதும், சிறுசேரியில் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வளர்ந்ததும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று வருமான வரிச் சட்டத்துக்குள் இருக்கிறது. சம்பளக்காரக் குடும்பம் தன் மிச்சப் பணத்தை எங்கே போட வேண்டும் என்பதை அந்தச் சட்டத்தின் கழிவுப் பிரிவுகள்தாம் பல தலைமுறைகளாகச் சொல்லிவந்தன. அந்தப் பிரிவுகள் குடும்பத்தின் தேவையைப் பார்த்து எழுதப்பட்டவை அல்ல. அந்தந்தக் காலத்தில் பணம் எங்கே பாய வேண்டும் என்று அரசு விரும்பியதோ, அங்கே வாய்க்கால் வெட்டியவை.

வரிச்சலுகை வருமுன்னரே சென்னை மாகாணம் சேமித்துக்கொண்டுதான் இருந்தது. மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872இல் தொடங்கியது. நிதி நிறுவனங்களும் ஏலச்சீட்டும் நகையும் நிலமுமாகக் குடும்பங்களின் கணக்கு ஓடியது. அதில் ஆபத்தும் இருந்தது. 1906இல் அர்பத்நாட் வங்கி முறிந்தபோது சென்னையின் ஓய்வூதியர்களும் உத்தியோகஸ்தர்களும் பணத்தை இழந்தார்கள். அந்த அதிர்ச்சியிலிருந்துதான் அடுத்த ஆண்டு இந்தியன் வங்கி பிறந்தது. அரசின் உத்தரவாதம் கொண்ட அஞ்சலகத்துக்கு மதிப்புக் கூடியதில் வியப்பில்லை. அந்த நம்பிக்கையை அரசு தன் செலவுக்கும் பயன்படுத்திக்கொண்டது. முதல் உலகப் போரின் நடுவே, 1917இல், அஞ்சலக ரொக்கப் பத்திரங்கள் விற்பனைக்கு வந்தன. 1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கு வருமானத்தில் ஆறில் ஒரு பங்குவரை விலக்கு அளித்தது. 1956இல் 245 காப்பீட்டு நிறுவனங்களும் வருங்கால வைப்புச் சங்கங்களும் ஒன்றாக்கப்பட்டு எல்ஐசி உருவானதும், தனியாரிடம் போய்க்கொண்டிருந்த பிரீமியம் ஐந்தாண்டுத் திட்டங்களுக்கு மூலதனமானது. அப்பணம் எப்படியெல்லாம் போகக்கூடும் என்பதை மறு ஆண்டே, அது தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளுக்குப் போன விவகாரம் காட்டியது; அதன் விளைவாக நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958இல் பதவி விலகினார்.

1968இல் பொது வருங்கால வைப்பு நிதி, அதாவது பிபிஎஃப், வந்தது. தொடக்க வட்டி 4.8 சதவீதம். இதை மட்டும் பார்த்தால் யாரும் அசைந்திருக்க மாட்டார்கள். ஆனால் 1970களின் முற்பகுதியில் உச்ச வருமான வரி, கூடுதல் வரியோடு 97.75 சதவீதத்தைத் தொட்டது. அந்த வெயிலில் வரிக்கழிவின் நிழல் வட்டியைவிடப் பெரிதாகத் தெரிந்தது. பின்னர் 1986 முதல் 2000 ஜனவரி வரை வட்டியே 12 சதவீதமாக இருந்தது. கழிவு என்ற முறையில் அதிக வரி கட்டுபவருக்கே அதிக லாபம் என்பதால், 1990இல் அந்தக் கழிவைத் தந்த 80சி பிரிவு நீக்கப்பட்டு, 88ஆம் பிரிவின் கீழ் வரியிலேயே 20 சதவீதத் தள்ளுபடி வந்தது. நியாயமான அந்தத் திருத்தம் நீடிக்கவில்லை. 2005இல் ப. சிதம்பரம் காலத்தில் 80சி ஒரு லட்சம் ரூபாய் உச்சவரம்போடு திரும்பியது. 2014இல் அது ஒன்றரை லட்சமானது. இடையில் 2010-11, 2011-12 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் உள்கட்டமைப்புப் பத்திரங்களுக்கு 20,000 ரூபாய் தனிக் கழிவு தரப்பட்டது. அரசுக்குச் சாலையும் மின்சாரமும் வேண்டியிருந்த நேரம் அது. குடும்பங்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகளில் மட்டும் ஏதோ புதிய தேவை முளைத்துவிடவில்லை.

படூருக்கு நேராகப் பொருந்துவது வீட்டுக்கடன் வட்டிக்கான 24ஆம் பிரிவு. சொந்தக் குடியிருப்புக்கான கழிவு 2001இல் ஒன்றரை லட்சமாகவும் 2014இல் இரண்டு லட்சமாகவும் உயர்ந்தது. அசலைத் திருப்பிக் கட்டுவதற்கு 80சி தனி. வாடகையையும் இஎம்ஐயையும் அருகருகே எழுதி, வரி மிச்சத்தைக் கழித்துப் பார்த்தால் வீடு மலிவாகத் தெரியும். விற்பனைப் பேச்சின் பாதி இந்தக் கணக்குதான். ஆனால் சட்டத்தில் சின்ன எழுத்துகள் உண்டு. சாவி கையில் வந்த பிறகே வட்டிக் கழிவு; கட்டுமானக் காலத்து வட்டியை ஐந்து சம தவணைகளாகத்தான் கோரலாம்; கட்டடம் குறித்த காலத்தில் முடியாவிட்டால் வரம்பு 30,000 ரூபாய்க்குச் சுருங்கும். அந்தக் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாக 2016இல் நீட்டியதே, கட்டடத் தாமதம் எந்த அளவுக்கு வழக்கமாகியிருந்தது என்பதற்குச் சட்டம் தந்த ஒப்புதல். தாமதத்தில் சிக்கிய குடும்பம் வாடகையும் கட்டியது, வட்டியும் கட்டியது. எதிர்பார்த்த கழிவு மட்டும் வரவில்லை.

சலுகை இல்லாவிட்டால் மக்கள் சேமித்தே இருக்க மாட்டார்கள் என்று சொல்வதுண்டு. மயிலாப்பூர் ஃபண்டின் ஆண்டே அதற்குப் பதில். வருமான வரி வரம்புக்குள் வராத பெரும்பான்மைக் குடும்பங்களும் சீட்டுக் கட்டுகின்றன, நகை வாங்குகின்றன, மகள் பெயரில் செல்வமகள் கணக்குத் தொடங்குகின்றன. சலுகை மாற்றியது சேமிப்பின் வடிவத்தையே என்று கொள்வதுதான் பொருத்தம். இன்னொரு மறுப்புக்கு வலு அதிகம்: பூட்டிவைத்த பணம் குடும்பத்தைக் காத்தது என்பது. உண்மைதான். பிபிஎஃப் கணக்கைக் கடன்காரர் நீதிமன்ற ஆணை வாங்கியும் ஜப்தி செய்ய முடியாது; வியாபாரம் நொடித்த வீட்டில் அது சிறிய விஷயமல்ல. ஆனால் அதே 80சி குடைக்குள்தான் பங்குச்சந்தையோடு இணைந்த யுலிப் காப்பீடுகளும் நுழைந்தன. அவற்றின் கட்டணங்கள் முதல் ஆண்டுகளின் பிரீமியத்தைத் தின்றன. 2010 ஏப்ரலில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 14 காப்பீட்டு நிறுவனங்களின் யுலிப்களைத் தடுத்தது. செபிக்கா, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கா அதிகாரம் என்ற சண்டை முடிந்தபின், அதே ஆண்டு செப்டம்பரில் பூட்டுக்காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாகவும் கட்டணங்கள் கட்டுக்குள்ளும் வந்தன. பாதுகாப்பான பொருளையும் பாதகமான பொருளையும் வரிக்கழிவு ஒரே தட்டில் வைத்தது. மார்ச் மாத அவசரத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

2020இல் வந்த புதிய வரிமுறை, 2023-24 முதல் தானாகப் பொருந்தும் முறையாகிவிட்டது. 2025-26இல் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு அதில் வரி இல்லை; நிலைக்கழிவோடு சம்பளக்காரருக்கு 12.75 லட்சம். 80சியும் குடியிருக்கும் வீட்டின் வட்டிக் கழிவும் அங்கே கிடையாது. இரண்டு லட்சம் கழிவை நம்பி இருபதாண்டுக் கடன் வாங்கியவர், பழைய முறையிலேயே நீடிப்பதா என்று ஆண்டுதோறும் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அரசு வாய்க்கால்களையெல்லாம் மூடிவிட்டது, இனிக் குடும்பத்தின் விருப்பம்தான் என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. முழுக்க மூடவில்லை. ஊழியரின் தேசிய ஓய்வூதியத் திட்டக் கணக்கில் நிறுவனம் செலுத்தும் பங்குக்குப் புதிய முறையிலும் கழிவு உண்டு. தனியார் ஊழியருக்கு அந்த வரம்பு அடிப்படைச் சம்பளத்தில் 10 சதவீதத்திலிருந்து 14ஆக 2024இல் உயர்த்தப்பட்டது. அந்தத் திட்டத்தில் சேரும் பணத்தில் கணிசமான பங்கு அரசுக் கடன் பத்திரங்களுக்குத்தான் போகிறது.