பெல்ஃபாஸ்ட் பெனால்டியும் ஒரு பின்கள ஆட்டக்காரரின் வரலாறும்: லியா வில்லியம்சன் பற்றிய மறுவாசிப்பு

லியா வில்லியம்சனின் ஆட்ட வாழ்வைப் பற்றி எழுதப்படுபவற்றில் ஒரு வாசிப்பு ஏறக்குறைய முடிந்த முடிவாகிவிட்டது. 2022 ஏப்ரலில் பயிற்சியாளர் சரீனா வீக்மன் அவரை இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்து அணியின் தலைவியாக அறிவித்தார். அதே ஆண்டு ஜூலை 31 அன்று வெம்ப்ளியில் 87,192 பேர் பார்த்திருக்க ஐரோப்பியக் கோப்பை அவர் கைக்கு வந்தது. இவ்விரு சமயங்களிலும் வெளியான அறிமுகங்களில் பல ஒரே இடத்துக்குத் திரும்பின: 2015, பெல்ஃபாஸ்ட், 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டம், எஞ்சிய 18 வினாடிகள், மறுபடி உதைக்கப்பட்ட பெனால்டி. அன்று காட்டிய நெஞ்சுரமே பின்னாளைய தலைமைக்கு வித்து என்பது இந்த வாசிப்பின் சாரம். இது ஒருவர் பெயரில் நிற்கும் கருத்தல்ல. பல கைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதி, ஒரே குரலாகிப்போன கருத்து. வசதி கருதி இதைப் பெல்ஃபாஸ்ட் வாசிப்பு என்கிறேன்.

இந்த வாசிப்பு நிகழ்ச்சியையும் பிழையாகப் புரிந்துகொள்கிறது, அவரது ஆட்ட வாழ்வையும் பிழையாகப் புரிந்துகொள்கிறது என்பதே என் வாதம். முதல் பிழையைக் காட்டுவது எளிது. இரண்டாவதற்குச் சான்று குறைவு. ஆனால் சொல்ல வேண்டியது இரண்டாவதுதான்.

முதலில் நிகழ்ச்சி. 2015 ஏப்ரல் 4 அன்று ஐரோப்பிய 19 வயதுக்குட்பட்டோர் போட்டியின் தகுதிச் சுற்றில் நார்வே 2–1 என முன்னணியில் இருந்தது. 96ஆம் நிமிடத்தில் இங்கிலாந்துக்குப் பெனால்டி கிடைத்தது. வில்லியம்சன் உதைத்தார், பந்து வலைக்குள் போனது. அவர் உதைக்கும் முன்பே இங்கிலாந்து ஆட்டக்காரர் ஒருவர் பெனால்டி பகுதிக்குள் நுழைந்துவிட்டார் என்று ஜெர்மன் நடுவர் மரிஜா குர்டெஸ் கோலை ரத்துசெய்து, நார்வேக்கு மறைமுக ஃப்ரீ கிக் கொடுத்தார். ஆட்டம் அத்துடன் முடிந்தது. இங்கிலாந்து முறையிட்டது. யூஃபா அம்முடிவைத் தவறென ஏற்று, பெனால்டி உதையிலிருந்து எஞ்சிய ஆட்டத்தை மட்டும் மீண்டும் நடத்த ஆணையிட்டது. ஏப்ரல் 9 இரவு பெல்ஃபாஸ்டின் சீவியூ அரங்கில் வில்லியம்சன் மறுபடி உதைத்தார். கோல். 2–2.

அந்நாளில் வழக்கிலிருந்த 14ஆம் விதியில் இதுபற்றி இரண்டு கிளைகள் உண்டு. உதைப்பவரின் அணியைச் சேர்ந்தவர் முன்கூட்டி நுழைந்து, பந்து கோலுக்குள் போனால், உதை மீண்டும் எடுக்கப்பட வேண்டும். பந்து கோலுக்குள் போகாவிட்டால், ஆட்டத்தை நிறுத்தி எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் தரவேண்டும். நடுவர் முதல் கிளைக்குரிய நிகழ்வுக்கு இரண்டாம் கிளையின் தண்டனையை அளித்துவிட்டார். ஏடு பெயர்த்தெழுதுபவர் அடுத்த வரிக்குத் தாவிவிடுவதைப் போன்ற பிழை இது. நுழைந்தது உண்மையா என்பது வேறு கேள்வி, நுழைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது வேறு கேள்வி. ஆடுகளத்து நிகழ்வுகள் குறித்து நடுவர் சொன்னதே இறுதி என்கிறது 5ஆம் விதி. விதியையே தவறாகப் பிரயோகித்ததற்கு அந்தக் காப்பு இல்லை. யூஃபா தலையிட முடிந்தது இந்த இடைவெளியில்தான்.

ஆகவே பெல்ஃபாஸ்ட் வாசிப்பு சொல்வதுபோல் இங்கிலாந்துக்கு 'நீதி கிடைத்தது' என்பது பாதிதான் சரி. முதல் கோல் ரத்தானது ரத்தானதாகவே நின்றது. இங்கிலாந்தின் ஆட்டக்காரர் முன்கூட்டி நுழைந்தார் என்ற கண்டுபிடிப்பை யூஃபா தொடவேயில்லை. அதை ஏற்றுக்கொண்டால்தான் மறு உதைக்கே இடமுண்டு. பறிபோன கோல் திரும்பி வரவில்லை. விதிப்படி அன்றே கிடைத்திருக்க வேண்டிய மறு உதை ஐந்து நாள் கழித்துக் கிடைத்தது, அவ்வளவே. ஒரு வீராங்கனையின் துணிவு குறித்த கதையாக இது வளர்வதற்கு முன், விதிநூலின் இரு வரிகள் குறித்த வழக்காக இருந்தது.

இதற்கு முன்னுதாரணமும் உண்டு. பெல்ஃபாஸ்ட் வாசிப்பு அதைக் கண்டுகொள்வதில்லை. 2005 செப்டம்பர் 3 அன்று தாஷ்கண்டில் உஸ்பெகிஸ்தானும் பஹ்ரைனும் உலகக் கோப்பைத் தகுதிக்காக மோதின. 1–0 என முன்னணியில் இருந்த உஸ்பெகிஸ்தான் பெனால்டியையும் கோலாக்கியது. அதன் ஆட்டக்காரர் முன்கூட்டி நுழைந்ததாகக் கூறி, ஜப்பானிய நடுவர் தோஷிமித்சு யோஷிதா மறு உதைக்குப் பதில் பஹ்ரைனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்தார். பிழை எழுத்துக்கு எழுத்து அதேதான். ஆனால் ஃபிஃபா முழு ஆட்டத்தையும் ரத்துசெய்து, முதலிலிருந்து ஆடச் சொன்னது. வென்ற ஆட்டத்தை இழந்த உஸ்பெகிஸ்தான் அக்டோபர் 8 அன்று 1–1 எனச் சமன் செய்தது. மனாமாவில் 12ஆம் தேதி 0–0. எதிரணி மண்ணில் அடித்த கோலின் கணக்கில் பஹ்ரைன் முன்னேறியது. பிழையால் பாதிக்கப்பட்ட அணியே தீர்வாலும் பாதிக்கப்பட்ட விந்தை இது.

ஒரே பிழைக்கு ஏன் இரண்டு தீர்வுகள்? தாஷ்கண்டில் பிழை நேர்ந்தது முதல் பாதியில். அதன்பின் ஆடப்பட்ட ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பிழையின் மேல் எழுந்தது. பெல்ஃபாஸ்டில் பிழைக்குப் பின் ஆடப்பட ஏறக்குறைய எதுவுமே மிச்சமில்லை. நான்கு அணிகளும் ஒரே நாட்டில் கூடியிருந்ததால், வெட்டிய இடத்திலிருந்து ஒட்டுவதும் சாத்தியமானது. இது என் ஊகம்தான். ஆனாலும் வில்லியம்சனின் உதை புகழ்பெற்றதற்கு அவரது நரம்பின் உறுதியைவிட ஆட்ட அட்டவணையின் வசதி கூடுதல் காரணம் என்ற எண்ணத்தை என்னால் விடமுடியவில்லை. குர்டெஸ் அதே பிழையை 40ஆம் நிமிடத்தில் செய்திருந்தால், முழு ஆட்டமும் மறுபடி நடந்திருக்கலாம். பதினெட்டு வினாடிக் கதை பிறந்தேயிருக்காது.

விதியும் அப்படியே நின்றுவிடவில்லை. 2016இல் விதிநூல் திருத்தி எழுதப்பட்டபோது, பெனால்டியைப் பின்னோக்கி உதைப்பது, பெயர் குறித்தவருக்குப் பதில் வேறொருவர் உதைப்பது போன்ற சில குற்றங்களுக்கு, கோல் விழுந்தாலும் விழாவிட்டாலும் மறைமுக ஃப்ரீ கிக் என்று ஆனது. குர்டெஸ் அளித்த தீர்ப்பின் வடிவம் வேறு குற்றங்களுக்கு விதியாகிவிட்டது என்பது வேடிக்கைதான். 2024–25 முதல், முன்கூட்டி நுழைவதே உதையைப் பாதித்தால் மட்டுமே தண்டனைக்குரியது. இன்றைய விதிப்படி அந்த முதல் உதை அப்படியே நின்றிருக்கவும் வாய்ப்புண்டு.

இனித் தேதி. வில்லியம்சன் பிறந்தது 1997 மார்ச் 29. ஏப்ரல் 4 அன்று அவர் 18 வயது நிறைந்து 6 நாள். ஏப்ரல் 9 அன்று 11 நாள். ஆட்டப் பதிவில் கோலின் நேரம் கூடுதல் நேரத்தின் ஆறாம் நிமிடம், ஆட்டத்தின் தேதி ஏப்ரல் 4. பந்து வலையில் விழுந்ததோ ஏப்ரல் 9. அன்று மாலை இங்கிலாந்து சுவிட்சர்லாந்தை 3–1 என வென்றிருந்தது. நார்வே வட அயர்லாந்துக்கு எதிராக 8 கோல் அடித்திருந்தது. கால வரிசையில் அந்த ஆட்டங்களுக்குப் பின் வரவேண்டிய கோல் பதிவு வரிசையில் முன்னே நிற்கிறது. எது சரியான தேதி என்று என்னால் முடிவுகட்ட இயலவில்லை. ஆட்டத்தின் தொடர்ச்சியை மதித்தால் 4, உதையை மதித்தால் 9. இரண்டையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.

இனி இரண்டாம் பிழை. பெல்ஃபாஸ்ட் அவரை உருவாக்கியது என்றால், 2014இல் இங்கிலாந்தின் இளையோர் ஆண்டு வீராங்கனை விருது எங்கிருந்து வந்தது? ஒன்பது வயதில் ஆர்சனலில் சேர்ந்து, 17 நிறைந்த மறுநாள், 2014 மார்ச் 30 அன்று, பர்மிங்ஹாம் சிட்டிக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் முதல் அணிக்காகக் களமிறங்கிவிட்டார். பெல்ஃபாஸ்ட் உதைக்குப் பின்னர் அதே மாதம் அறிவிக்கப்பட்ட தொழில்முறை ஆட்டக்காரர் சங்கத்தின் இளம் வீராங்கனை விருதும் அந்த முழுப் பருவத்துக்கானது, ஓர் உதைக்கானதல்ல.

பின்விளைவைப் பார்த்தாலும் கணக்கு ஒட்டவில்லை. 2015 உலகக் கோப்பை அணியில் அவர் இல்லை. 2017 ஐரோப்பியக் கோப்பை அணியிலும் இல்லை. முதல் சர்வதேச ஆட்டம் 2018 ஜூன் 8, ரஷ்யாவுக்கு எதிராக, மாற்று ஆட்டக்காரராக. 2019 உலகக் கோப்பையில் கேமரூனுக்கு எதிராகக் கடைசிச் சில நிமிடங்கள் மட்டும். தலைமை பெல்ஃபாஸ்டில் முளைத்தது என்றால் இந்த மூன்று நான்கு ஆண்டு மௌனத்தை எப்படி விளக்குவது?

என் விளக்கம் இது: அந்த ஆண்டுகளில் அவர் நடுக்கள ஆட்டக்காரரிலிருந்து பின்கள ஆட்டக்காரராக மாறிக்கொண்டிருந்தார். 2018–19இல் ஜோ மொன்டெமுரோவின் ஆர்சனல் லீக் பட்டத்தை வென்றபோது, மையப் பின்களத்தில் அவரது இடம் உறுதியாகிவிட்டது. மாற்றம் முந்தைய பயிற்சியாளர் பெட்ரோ மார்ட்டினெஸ் லோசா காலத்திலேயே தொடங்கியதா, மொன்டெமுரோ பொறுப்பேற்ற 2017 நவம்பருக்குப் பிறகா என்பதில் நான் முன்னதன் பக்கம் சாய்கிறேன். ஆனால் அதை நிலைநாட்டிவிட்டதாகச் சொல்லமாட்டேன். நடுக்களத்தின் கண்ணோடு பின்னால் நிற்பவர், பந்தை வெறுமனே விலக்காமல் அங்கிருந்தே ஆட்டத்தைத் தொடங்கிவைப்பவர் என்ற அவரது தனித்தன்மை இந்த மாற்றத்தில் பிறந்தது, பெனால்டிப் புள்ளியில் அல்ல. வீக்மனும் முதலில் தயங்கினார். 2021இல் அவரை நடுக்களத்தில் ஆடவிட்டு, 2022 போட்டியில்தான் மில்லி பிரைட்டின் அருகே பின்களத்தில் நிறுத்தினார். ஆறு ஆட்டங்களிலும் தொடக்க அணி மாறவேயில்லை. இங்கிலாந்து விட்டுக்கொடுத்தது இரண்டே கோல்கள்: காலிறுதியில் ஸ்பெயினின் எஸ்தர் கோன்சாலஸ், இறுதியில் ஜெர்மனியின் லினா மகுல். குழு ஆட்டங்களில் நார்வேயை 8–0, வட அயர்லாந்தை 5–0. பெல்ஃபாஸ்ட் சுற்றில் இருந்த அதே இரு நாடுகள். இதில் பொருள் எதுவுமில்லை, தற்செயல்தான்.

பின்கள ஆட்டக்காரரின் உழைப்புக்கு ஆட்டப் பதிவில் கட்டமில்லை. கோல் அடித்தால் நிமிடத்தோடு ஒரு வரி விழும். தடுத்தால் எதிரணியின் பக்கம் ஒரு சுழியம், அதுவும் பதினொருவருக்குப் பொது. 2025 மே 24 அன்று லிஸ்பனில் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஆர்சனல் பார்சலோனாவை 1–0 என வென்றபோது, பதிவில் நின்ற பெயர் ஸ்டினா பிளாக்ஸ்டீனியஸ். பார்சலோனாவை 90 நிமிடம் கோலடிக்க விடாததற்கு வரியில்லை. வரி உள்ள இடத்தைப் பிடித்துக்கொண்டு வரலாறு எழுதினால், பின்கள ஆட்டக்காரரின் வாழ்க்கை அவர் கோலடித்த ஒரு கணத்தைச் சுற்றித்தான் எழும். பெல்ஃபாஸ்ட் வாசிப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அந்த வாசிப்பைப் பிடிவாதமாகக் கொண்டுபோனால் எங்கே போய் நிற்கும்? 2025 ஜூலை 27 அன்று பாசலில் ஐரோப்பியக் கோப்பை இறுதி பெனால்டிகளுக்குப் போனது. வில்லியம்சனின் உதையை ஸ்பெயின் கோல்கீப்பர் கட்டா கோல் தடுத்துவிட்டார். குளோயி கெல்லியின் உதையில் இங்கிலாந்து 3–1 என வென்றது. பெல்ஃபாஸ்ட் உதை தலைமைக்குச் சான்று என்றால் பாசல் உதை எதற்குச் சான்று? அதை அவர் கணக்கில் கழிக்க யாரும் முன்வரவில்லை, கழிக்கவும் கூடாது. கூட்டும்போதும் அதே நிதானம் வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

அவர் நடுக்களத்திலிருந்து பின்களத்துக்கு மாறிய தேதியைத் துல்லியமாக்க முடியாமல் போவதற்கும் ஒரு காரணம் உண்டு. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் பெண்கள் ஆட்டங்களை இணையத்தில் ஒளிபரப்பும் தன் சேவையைத் தொடங்கியது 2019இல். ஸ்கை, பிபிசி ஒப்பந்தம் 2021–22 பருவத்திலிருந்து. நமக்கு வேண்டிய 2014 முதல் 2018 வரையிலான ஆண்டுகளோ பெரும்பாலும் கோல் தொகுப்புகளாகவும் ஆட்ட அறிக்கைகளாகவும் கிடைக்கின்றன. அறிக்கைகள் பதினோரு பெயர்களைத் தருகின்றன, யார் எங்கே நின்றார் என்பதை எப்போதும் தருவதில்லை. தாளில் நடுக்களம் என்று எழுதப்பட்டவர் ஆட்டத்தின் நடுவே பின்னுக்குப் போயிருக்கலாம். லோசாவின் கடைசிப் பருவத்து ஆட்டங்களை முழு ஒளிப்பதிவாக வைத்திருப்பவர்கள் யாரேனும் வெளிக்கொண்டுவந்தால், மேலே நான் சாய்ந்த பக்கம் சரியா தவறா என்று பார்த்துவிடலாம்.