கச்சான் காலத்து நடை

வைகாசி பிறந்தால் மட்டக்களப்பில் கச்சான் வீசத் தொடங்கும். மலைநாட்டைத் தாண்டும்போதே ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு வரும் இந்த வறண்ட காற்று, படுவான்கரை வயல்வெளிகளைச் சுட்டுக்கொண்டு வாவியின் மேல் வந்து விழும். குளங்கள் வற்றும், கிணற்று நீர் கீழிறங்கும். மாரி வேளாண்மை வெட்டி, சூடு மிதித்து, நெல் வீட்டுக்கு வந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். அடுத்த மழைக்கு இன்னும் நாள் கிடக்கும். இந்த இடைவெளியில்தான் இப்பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாக ஊரைவிட்டுக் கிளம்பி, முருகன் தலமான கதிர்காமத்துக்கு நடந்திருக்கிறார்கள். இந்த நடையைப் பக்தியின் வரலாறாக எழுதியவர்கள் உண்டு. அதே நடைக்கு உடம்பின் வரலாறாகவும் ஓர் இடம் உண்டு. நல்ல உணவுக்கும் உடல்நலத்துக்குமாகப் பயணம் போவது பாசிக்குடாவில் உல்லாச ஹோட்டல்கள் எழுந்த பிறகு வந்த புதுப் பழக்கம் என்று நினைப்பவர்கள், இந்தக் களப்புக் கரையின் கச்சான் மாதங்களை ஒருமுறை திரும்பிப் பார்க்கவேண்டும். இங்கே அது ஊரே சேர்ந்து காத்த ஏற்பாடாக இருந்தது.

முதலில் இந்த ஊர்களின் சாப்பாட்டைப் பார்க்கவேண்டும். வாவி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளம். கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள எழுவான்கரையில் ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு என்று ஊர்கள் நெருங்கிக் கிடக்கின்றன. மேற்கே படுவான்கரையில் கொக்கட்டிச்சோலை, பழுகாமம், மண்டூர், அவற்றுக்கு அப்பால் வயலும் காடும். எழுவானில் மீன், இறால், நண்டு. படுவானில் நெல், எருமைத் தயிர், தேன். மட்டக்களப்புக்குப் போனவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். மந்திரத்தைக் குறித்த பேச்சு அது. ஆனால் முட்டித் தயிரும் புதுநெற் சோறும் விருந்தினரைத் தங்கவைத்த கதையும் அதற்குள் இருக்கிறது என்றே நான் கொள்கிறேன். இப்படி வளம் மிகுந்த இடத்தில்தான் எதை எப்போது தின்னலாகாது என்ற கணக்கும் நுணுக்கமாக வளர்ந்தது. இறாலும் நண்டும் சூடு. கத்தரிக்காய் கிரந்தி, புண் இருப்பவன் தொடக்கூடாது. மோரும் இளநீரும் குளிர்மை. பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைத்த கறி. பரிசாரியார் மருந்து கொடுத்தால் அதோடு பத்தியமும் சேர்ந்தே வரும். 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, இந்தச் சூடும் குளிர்மையும் உணவிலும் பெண்ணுடலிலும் நோயிலும் கோயில் வழிபாட்டிலும் ஒரே இழையாக ஓடுவதைக் காட்டி, 1998-இல் தனி நூலே எழுதினார். அவர் காட்டியது நம் வாதத்துக்கு அடிப்படை: இங்கே அடுப்படியும் வைத்தியமும் கோயிலும் ஒரே மொழியைப் பேசின.

அந்த மொழி உரத்துக் கேட்கும் இடம் கண்ணகி அம்மன் சடங்கு. தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் என்று கிழக்குக் கரையின் பல ஊர்களில் கண்ணகிக்குக் கோயில் உண்டு. அவற்றில் பலவற்றில் ஆண்டுக்கு ஒருமுறை, வைகாசியில்தான் கதவு திறக்கும். சடங்கின் முடிவில் பாடப்படுவது குளிர்த்தி. மதுரையை எரித்தவளின் சினம் தணிய வேண்டும். அவள் தணிந்தால் அம்மை தணியும், வெயில் தணியும், உடம்பு தணியும். வேப்பிலையும் நீரும் அதன் கருவிகள். சடங்கு நடக்கும் நாட்களில் ஊரே மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், விலக்கி இருக்கும். பழைய கதையொன்று ஒரு நாட்டின் பருவத்தோடு இவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டதற்கு வேறு எடுத்துக்காட்டுத் தேடுவது கடினம். கச்சான் தொடங்கும் மாதத்தில் குளிர்மை வேண்டிச் சடங்கு. கச்சான் உச்சமாகும் ஆனி ஆடியில் நடை. இரண்டையும் தனித்தனியே பார்த்தால் வெறும் திருவிழாக்கள். சேர்த்துப் பார்த்தால் வெக்கை மாதங்களுக்கென வகுத்த நீண்ட உணவு ஒழுங்கு ஒன்று தெரியும்.

நடையின் வழி எல்லோரும் அறிந்தது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படுகிறவர்கள் திருகோணமலை, வெருகல், வாகரை வழியாக வந்து மட்டக்களப்பின் மாமாங்கேசுவரர் கோயிலில் இறங்குவார்கள். படுவான்கரையார் மண்டூர் முருகன் கோயிலில் கூடுவார்கள். சின்னக் கதிர்காமம் என்று பெயர் பெற்ற இந்தக் கோயிலிலும் கதிர்காமத்தைப் போலக் கப்புகனார் வாய் கட்டித்தான் பூசை செய்கிறார். பிறகு தெற்கே திருக்கோவில், பொத்துவில், கடலோரப் பாறைமேல் உகந்தை. மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல். உகந்தைக்கு அப்பால் காடு: கூமுனை, கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம். நான்கைந்து நாள் யானைக்காட்டுக்குள் நடந்து மாணிக்க கங்கையில் இறங்கும்போது அவர்கள் புறப்பட்டு வாரங்கள் கழிந்திருக்கும். இத்தனை நாளும் மீன் இல்லை, இறைச்சி இல்லை, கள்ளும் சாராயமும் இல்லை. விடியுமுன் எழுந்து குளித்து நடை, உச்சிவெயிலில் மரநிழல், வெயில் சாய்ந்தபின் மறுபடி நடை, தரையில் படுக்கை. ஊர்வழியில் கிடைப்பது சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, மோர். காட்டுவழியில் மூட்டையில் உள்ளதுதான்: அரிசி, பருப்பு, வறுத்த மா, சர்க்கரை. ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்து, மூன்று கல் வைத்து ஒரு பானையில் எல்லோருக்கும் ஆக்குவார்கள். தனக்கு உறைப்புக் கூடவேண்டும் என்று கேட்க அங்கே ஆளில்லை. போடியாரும் அவருடைய வயற்காரனும் ஒருவரையொருவர் அழைப்பது ஒரே பெயரில்: சாமி.

இதில் என் கண்ணுக்கு முக்கியமாகப் படுவது பத்தியத்தைக் காட்டிலும், அந்தப் பத்தியம் யார் கையில் இருந்தது என்பதே. பழைய முறைப்படி நடந்த சாமிகள் காசு கொண்டுபோவதில்லை. வழியூர்களில் கையேந்தி உண்பார்கள். வீட்டில் இருக்கும்வரை எதைத் தின்பது, எவ்வளவு தின்பது, எப்போது நிறுத்துவது என்ற ஒவ்வொரு தீர்மானமும் சாப்பிடுகிறவனுடையது. அந்தத் தீர்மானத்தில்தான் மனிதன் தோற்கிறான். நடைக்குப் புறப்பட்டவன் அந்தத் தீர்மானத்தையே ஊர்களிடம் ஒப்படைத்துவிடுகிறான். அவன் நாவறிந்த அடுப்பு பின்னே போய்விட்டது. முன்னே இருப்பது அன்னியர் வீட்டு அடுப்பு. உலகின் மற்ற இடங்களிலும் உணவைத் திருத்தப் பயணம் போனவர்கள் இந்த உண்மையைத்தான் நம்பினார்கள். ஜெர்மனியின் வெந்நீரூற்று நகரங்களும், 1876 முதல் ஜான் ஹார்வி கெலாக் பொறுப்பேற்று நடத்திய பாட்டில் கிரீக் ஆரோக்கிய இல்லமும் வந்தவரின் தட்டை வைத்தியர் கையில் கொடுத்தன. வேறுபாடு கணக்கில்தான். அங்கே தட்டுக்கு விலை உண்டு. இங்கே தட்டை நிரப்பியவர் தனக்கும் புண்ணியத்தில் பங்குண்டு என்று நம்பி நிரப்பினார். அதனால் வசதியுள்ளவன் மட்டுமே திருந்தலாம் என்ற நிலை இந்தக் கரையில் வரவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும். நடந்தவர்கள் முருகனுக்காக நடந்தார்கள். உடல்நலம் என்பது நாம் பின்னால் ஒட்டிய பெயர். மறுப்பில் பாதி சரி. 'வெல்னஸ்' என்று இன்று விளம்பரங்களில் அடிபடும் சொல்லைப் பரப்பிய அமெரிக்க மருத்துவர் ஹால்பர்ட் டன்னின் நூல் 1961-இல்தான் வந்தது. பழுகாமத்து உழவன் அப்படி எதையும் தேடிப் போகவில்லை. ஆனால் அவன் எதற்காக நேர்த்தி வைத்தான் என்று பாருங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், மனைவிக்கு வயிற்றில் தங்கவில்லை, தனக்கு மாறாத புண், தாய்க்குக் கண். நேர்த்திக்கடனில் பெரும்பகுதி உடம்பைப் பற்றியதே. உடம்பையும் தெய்வத்தையும் அவன் இரண்டாக வைத்திருக்கவில்லை என்பதால் அவன் நடையில் உடம்புக்கு இடமில்லை என்றாகிவிடாது. பிரித்தது நாம். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்தில் தகப்பனை நினைத்து மூழ்குவதும், அன்றைய விரதச் சாப்பாட்டில் ஈழத்துத் தமிழர் காத்தோட்டிக்காயின் கைப்பைத் தேடிச் சேர்ப்பதும் ஒரே நாளின் இரு கடமைகள். அந்தக் கைப்பு மருந்தா, சடங்கா என்று கேட்டால் சமைக்கிறவருக்குக் கேள்வியே விளங்காது.

இரண்டாவது மறுப்பு கடுமையானது; அதை மழுப்ப முடியாது. கதிர்காம யாத்திரை நலத்தை மட்டும் கொண்டுவரவில்லை, சாவையும் கொண்டுவந்தது. 19ஆம் நூற்றாண்டில் வாந்திபேதி யாத்திரைக் கூட்டத்தோடு சேர்ந்து நடந்தது. ஆங்கில அரசு கூட்டத்தைக் கட்டுப்படுத்தியது, மேற்பார்வைக்கு அதிகாரிகளை அனுப்பியது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ஃப் அந்தப் பொறுப்பைச் சுமந்தவர். தன் வாழ்க்கை நூலான 'குரோயிங்'கில் கதிர்காமத்தைப் பற்றி எழுதியும் இருக்கிறார். காட்டுவழியில் மலேரியா காத்திருந்தது. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016-இல்தான். சூட்டையும் குளிர்மையையும் அவ்வளவு கூர்ந்து கவனித்த மரபு, தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் வந்ததைக் கவனிக்கவில்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கொதித்தாறிய நீரும் மலக்கூடமும் தடுப்பு மருந்தும் கொடுத்த பாடத்தை எந்த விரதமும் கொடுத்திருக்காது. ஆனால் இந்தக் குற்றம் நெரிசலின் மேலும் தண்ணீரின் மேலும் விழுகிறது; உணவொழுங்கின் மேல் விழவில்லை. பொதுச் சுகாதாரம் நோயை வழியிலிருந்து அகற்றியபோது அந்த ஒழுங்கைக் கைவிட யாருக்கும் காரணம் இருக்கவில்லை. அது தேய்ந்தது வேறு காரணத்தால்.

அந்தக் காரணம் சக்கரம். 1920களின் முடிவில் ரயில் மட்டக்களப்புக்கு வந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கதிர்காமத்துக்கே மோட்டார் வண்டி போகும் தெரு போடப்பட்டது. வாரக்கணக்கில் நடந்த தூரம் ஒருநாள் பஸ் பயணமாயிற்று. கூட்டம் லட்சக்கணக்கில் பெருகியது. கோயில் அதே இடத்தில் இருந்தது, முருகன் குறையவில்லை. குறைந்தது இடைவழி. முன்னிரவு பஸ் ஏறி மறுநாள் இறங்குகிறவனுக்குக் கையேந்தும் வீடு இல்லை, ஒரு பானைச் சோறு இல்லை, தன் பசியைத் தானே பார்க்கும் நேரமும் இல்லை. பலனில் பெரும்பங்கு சேருமிடத்தில் இருந்திருந்தால் இந்த மாற்றத்தில் எதுவும் போயிருக்காது. போயிற்று என்பதே அந்தப் பங்கு வழியில் இருந்ததற்குச் சான்று. பிறகு யுத்தம் வந்து கிழக்குக் கரையின் நடைவழியையும் முறித்தது. கதிர்காம பக்தர்கள் அறக்கட்டளை, அமெரிக்கரான பற்றிக் ஹரிகனின் முயற்சியோடு 1988-இல் அதை மறுபடி தொடக்கி வைத்தது. இன்று ஆண்டுதோறும் உகந்தையில் காட்டுவழி திறக்கிறது. ஆயிரக்கணக்கானோர் உள்ளே போகிறார்கள்.

வழியூர்களின் அன்னதான அடுப்புகள் எல்லோருக்கும் சமமாக எரிந்தன என்று அழகுபடுத்தவும் நான் விரும்பவில்லை. யார் கோயிலுக்குள் வரலாம், யார் கையால் உண்ணலாம் என்று பார்த்த சமூகம் இது. சாமி என்று அழைத்த வாய் ஊர் திரும்பியதும் பழைய பெயரையே சொன்னது. பானை சுமந்தவர்களிலும் அடுப்பூதியவர்களிலும் பெண்களே மிகுதி. அவர்கள் நோன்புக்கு அது இரட்டைப் பாரம். அப்படியும் ஒன்றைச் சொல்லலாம். பொத்துவில் வழியில் முஸ்லிம் ஊர்கள் உண்டு, சிங்கள ஊர்கள் உண்டு. கதிர்காமத்திலேயே பள்ளிவாசல் உண்டு, அங்கும் கொடியேறுகிறது. மச்சமில்லாத சோறு இவர்கள் எல்லோரும் மனத்தடையின்றி ஒரே பந்தியில் உண்ணக்கூடிய உணவு. இந்த மாவட்டங்கள் பட்ட பாட்டை எண்ணினால் அது சிறிய காரியமில்லை.

கடைசியாக ஒரு மறுப்பு, இன்றைய வைத்தியர்கள் சொல்வது: ஒரு மாதம் அடக்கி, மற்ற மாதங்களில் இறாலும் நண்டுமாகத் தின்றால் என்ன பயன்? ஒரே ஒரு நடையோடு எல்லாம் முடிந்திருந்தால் இது தகுந்த கேள்வி. ஆனால் களப்புக் கரைக்கு நடை ஆண்டின் ஒரு முனை மட்டும். வெள்ளிக்கிழமை, சஷ்டி, கந்தசஷ்டியின் ஆறு நாள், சித்திரைப் பூரணை, ஆடி அமாவாசை, ஊர்க் கண்ணகியின் சடங்கு என்று மச்சம் விலக்கும் நாட்கள் ஆண்டு முழுவதும் சிதறிக் கிடந்தன. வாரக்கணக்கில் பருப்பும் மோருமாக நடந்து வந்த நாக்குக்கு வெள்ளிக்கிழமை பெரிய பாரமில்லை. குறுமண்வெளியில் பாதை என்னும் மிதவையில் ஏறி, வாவியைக் கடந்து மண்டூரில் இறங்கி வீடு சேர்கிறவருக்காக வீட்டில் இரண்டு சட்டி காத்திருக்கும். ஒன்று மீன்சட்டி, புறப்படுமுன் கழுவிக் கவிழ்த்துவைத்தது. மற்றது மரக்கறிச்சட்டி. நேர்த்தி முடிந்து சில நாளில் மீன்சட்டி அடுப்புக்கு வரும், வாவி மீன் புளியில் கொதிக்கும். மரக்கறிச்சட்டியை யாரும் பரணில் ஏற்றிவிடுவதில்லை. அது வெள்ளிக்கிழமைக்காக அடுப்பருகிலேயே இருக்கும்.