தோற்றமும் தொடர்ச்சியும்: தரங்கம்பாடி அறிக்கையில் பிரிவினைக்கான பொறுப்பு

1919 மே 1, 2 ஆகிய நாள்களில் தரங்கம்பாடியில் கூடிய 33 பேர் வெளியிட்ட அறிக்கை, ஆய்வுலகில் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தால் அறியப்படுகிறது. தங்களைப் பலவீனப்படுத்தும் சபைப் பிரிவினைகளுக்குத் தாங்கள் பொறுப்பாளிகள் அல்லர் என்றும், அவை வெளியிலிருந்து சுமத்தப்பட்டவை என்றும் சொல்லும் வாக்கியம் அது. ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்து மூன்று வாரம்கூட ஆகாத நேரத்தில், பெரும்பாலும் இந்தியரே கூடியிருந்த கூட்டத்திலிருந்து இது எழுந்தது. வேதநாயகம் சாமுவேல் அசரியா 1910இல் எடின்பரோவில் மிஷனரிகளிடம் நட்பைக் கேட்டுப் பேசிய பேச்சோடு இதைச் சேர்த்து வைத்து, அறிக்கையைத் தேசிய விழிப்பின் திருச்சபைக் குரலாகப் படிப்பது வழக்கமாகிவிட்டது. இதற்கு மாறான ஒரு தரப்பும் உண்டு. போருக்குப் பிந்தைய மிஷன் நிர்வாகத்தின் தேவையே அந்தக் கூட்டத்தைக் கூட்டியது என்றும், ஐக்கியம் என்பது சுவிசேஷப் பணியை விரைவாக்கும் ஏற்பாடு என்றும் அத்தரப்பு சொல்கிறது.

இவ்விரு தரப்பும் மோதிக்கொண்டாலும் ஒரு முன்முடிவைப் பகிர்ந்துகொள்கின்றன. பிரிவினைக்கான பொறுப்பை அறிக்கை மேலைநாட்டின் மேல் இறக்கி வைத்துவிட்டது என்பதே அது. முதல் தரப்பு அதைப் பாராட்டுகிறது. இரண்டாம் தரப்பு அதைப் பொருட்படுத்துவதில்லை. அந்த முன்முடிவு பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். பிரிவினையை யார் தொடங்கினார்கள் என்பதைவிட, அதை இனி யார் தொடரப் போகிறார்கள் என்பதில்தான் அறிக்கையின் கனம் இருக்கிறது. ஐக்கியத்துக்கான கடமை பிரிவினையைப் பெற்றுக்கொண்டவர்கள் மேலும் விழுகிறது என்று அது சொல்கிறது. நான் முன்வைக்கும் வாசிப்பு முடிந்த முடிவு அல்ல. ஆனால் அறிக்கையை முழுதாகப் படித்தால் இதைத் தவிர்ப்பது கடினம்.

வாக்கியமும் அதன் இடமும்

அந்தப் புகழ்பெற்ற வாக்கியம் அறிக்கையின் முதல் வாக்கியம் அல்ல. திருச்சபைகளின் ஐக்கியம் கடவுளின் சித்தம் என்றும், அதற்காகக் கிறிஸ்துவே ஜெபித்தார் என்றும், வேதத்தின் போதனையும் அதுவே என்றும் அறிக்கை தொடங்குகிறது. அடுத்து, போருக்குப் பிந்தைய உலகச் சூழலும் இந்தியாவின் நெருக்கடியான நிலையும் தங்கள் கடந்தகாலப் பிரிவினைகளுக்காகத் துக்கப்படத் தங்களை அழைப்பதாகச் சொல்கிறது. மனித குலத்தில் ஐந்தில் ஒரு பங்கான இந்தியாவைக் கிறிஸ்துவுக்காக வெல்லும் பணியின் முன்னால் தாங்கள் வலுவிழந்து நிற்பதை அதன் பிறகே குறிப்பிடுகிறது. பொறுப்பை மறுக்கும் சொற்கள் இங்கேதான் வருகின்றன. ஆனால் வாக்கியம் அங்கே முடியவில்லை. இப்பிரிவினைகளைத் தாங்கள் உருவாக்கவில்லை என்று சொன்ன கையோடு, அவற்றை நிலைநிறுத்தத் தாங்கள் விரும்பவில்லை என்றும் சொல்லித்தான் முடிகிறது.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். பிரிவினைக்காகத் துக்கப்படுவது முதலில் வருகிறது. அதன் தோற்றத்துக்கான பொறுப்பை மறுப்பது பிறகு வருகிறது. தாம் செய்யாத ஒன்றுக்காக ஒருவர் வருந்தலாம் என்று சொல்லி இம்முரணைக் கடந்துவிட முடியாது. அறிக்கை துக்கப்படுவது மேலைநாட்டுச் சபைகளின் பிரிவினைகளுக்காக அல்ல, தங்களுடைய பிரிவினைகளுக்காக. தோற்றத்தில் அயலாருடையவை ஆனாலும், வாழ்க்கையில் அவை தங்களுடையவையாகிவிட்டன என்ற ஒப்புதல் அதற்குள் இருக்கிறது. நிலைநிறுத்த விரும்பவில்லை என்ற முடிவும் அப்போதுதான் பொருள்படுகிறது. நிலைநிறுத்தும் ஆற்றல் தங்கள் கையில் இருப்பதை உணர்ந்தவர்தான் அதை விரும்பவில்லை என்று சொல்ல முடியும். தேசிய வாசிப்பு இவ்வாக்கியத்தின் நடுப்பகுதியை எடுத்துக்கொண்டு இரு முனைகளையும் விட்டுவிடுகிறது.

நிபந்தனைகள் யாரை நோக்கி?

அறிக்கையின் பெரும்பகுதி ஐக்கியத்துக்கான நிபந்தனைகளைப் பேசுகிறது. முன்னுரைக்குக் கிடைத்த கவனத்தில் கால்பங்குகூட இப்பகுதிக்குக் கிடைக்கவில்லை. பொறுப்பை யார் ஏற்கிறார்கள் என்பது இங்கேதான் தெளிவாகிறது.

கூட்டத்தில் இரு தரப்பினர் இருந்தனர்: ஆங்கிலிக்கன் சபையினர் ஒருபுறம், பிரஸ்பித்தேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் இணைந்து 1908இல் உருவான தென்னிந்திய ஐக்கிய சபையினர் மறுபுறம். ஆங்கிலிக்கன் தரப்பு கேட்டது வரலாற்றுப் பேராயர் முறையை. அதுவும் ஓர் உண்மையாக மட்டும். அதன் தன்மை பற்றிய எந்தக் கோட்பாட்டையும் ஏற்கச் சொல்லவில்லை. ஐக்கிய சபைத் தரப்பு கேட்டது ஆவிக்குரிய சமத்துவத்தை: விசுவாசிகள் எல்லாருக்கும் உரிய ஆசாரியத்துவமும் சபையாரின் முழு உரிமையும் அதில் அடங்கும். பேச்சுவார்த்தையின் ஒவ்வொரு படியிலும் அது காக்கப்பட வேண்டும் என்றும் அத்தரப்பு வலியுறுத்தியது. சபையார் அனைவரின் பங்கு, மன்றங்கள் வழியான ஆட்சி, பேராயரின் தலைமை ஆகிய மூன்றும் வேதத்தில் வேர்கொண்டவை, எதுவும் தனியே போதுமானதல்ல என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. வேதாகமம், அப்போஸ்தலர் மற்றும் நிசேயா விசுவாசப் பிரமாணங்கள், இரு திருவருட்சாதனங்கள், பேராயர் முறை என்ற 1888ஆம் ஆண்டின் லாம்பெத் நான்கு கூறுகள் அடித்தளமாயின. எந்தச் சபையும் தன் கடந்தகாலத்தை மறுதலிக்க வேண்டியதில்லை என்றும், ஒருவர் மற்றவரின் குருப்பட்டத்தின் செல்லுபடியைக் கேள்விக்குட்படுத்துவது தங்கள் கடமை அல்ல என்றும் முடிவாயிற்று.

இந்நிபந்தனைகளுள் ஒன்றேனும் இங்கிலாந்தையோ ஸ்காட்லாந்தையோ அமெரிக்காவையோ நோக்கி நிற்கிறதா? இல்லை. வெளியிலிருந்து வந்தவர்களே வந்து சரிசெய்யட்டும் என்று அறிக்கை ஓரிடத்திலும் கேட்கவில்லை. கேட்பதெல்லாம் கையெழுத்திட்டவர்களையே. பேராயர் ஆட்சியை எதிர்த்துப் பிறந்த மரபில் வளர்ந்த ஐக்கிய சபைக் குருமார் பேராயரை ஏற்க வேண்டும். பேராயர் கைவைத்துத் தராத குருப்பட்டத்தைக் குறையுள்ளதாகக் கருதப் பழகிய ஆங்கிலிக்கன் குருமார் அந்தப் பழக்கத்தை விட வேண்டும். இரு தரப்பும் தங்களுக்கு அருமையான ஒன்றை மேசைமேல் வைக்கின்றன. சுமத்தியவர்மேல் வழக்குத் தொடுக்கும் ஆவணம் இப்படி எழுதப்படாது.

இன்னொன்றும் இதிலிருந்து தெரிகிறது. நிர்வாக வசதிக்காக எழுந்த ஐக்கியம் என்றால் கூட்டுக் குழு ஒன்றோ பணிப் பங்கீடோ போதும். மிஷன்களிடையே எல்லை ஒப்பந்தம் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது: மதுரைச் சீமை அமெரிக்க மிஷனுக்கு, தென் திருவிதாங்கூர் இலண்டன் மிஷனுக்கு, திருநெல்வேலி ஆங்கிலிக்கன் சங்கங்களுக்கு. அந்த ஏற்பாடு சண்டையைத் தவிர்த்தது, பிரிவினையைத் தீர்க்கவில்லை. பிறந்த ஊரைப் பொறுத்து ஒருவர் ஆங்கிலிக்கன் ஆனார், இன்னொருவர் காங்கிரிகேஷனல் ஆனார். தரங்கம்பாடியில் கூடியவர்கள் இவ்வளவில் நிறைவடையாமல் கண்ணுக்குத் தெரியும் ஒரே திருச்சபையைக் கேட்டார்கள். நிர்வாக வாசிப்பால் இந்த மிகுதியை விளக்க முடியாது.

உள்ளிருந்து காக்கப்பட்ட எல்லை

என் வாசிப்புக்கு எதிராக வரக்கூடிய மிக வலுவான மறுப்பு சாதியைப் பற்றியது. அறிக்கை சாதியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. சபைப் பிரிவினை அயலாரின் இறக்குமதி என்று சொல்லிவிட்டு, யாரும் இறக்குமதி செய்யாத பிரிவினையைப் பற்றி வாய் திறக்காதது தன்னை விடுவித்துக்கொள்ளும் உத்தி அல்லவா? இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு விருப்பமில்லை. அந்த மௌனம் குறைதான்.

ஆனால் தமிழ்நாட்டுத் திருச்சபை வரலாறு இங்கே ஒரு முக்கியமான சான்றைத் தருகிறது. சாதி வழக்கங்களை விட வேண்டும் என்று 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் கட்டளையிட்டபோது தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கடுமையாக எதிர்த்தனர். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு சாதியைக் கண்டித்துத் தீர்மானம் செய்தது. லைப்சிக் லுத்தரன் மிஷன் அவ்வழியில் சேரவில்லை. விளைவு எதிர்பார்க்கக்கூடியதே. ஒரு மிஷன் பந்தியிலும் திருவிருந்திலும் சமத்துவத்தைக் கட்டாயமாக்கியபோது, அதைக் கட்டாயமாக்காத மிஷனை நாடிச் சிலர் போனார்கள். ஐரோப்பாவில் திருவிருந்துக் கோட்பாட்டின்மேல் உண்டான எல்லைக்கோடு, காவிரிக் கரையில் யாரோடு ஒரே கிண்ணத்தில் பருகுவது என்பதைத் தீர்மானிக்கும் கோடாக மாறியது.

சபைப் பிரிவினை வெளியிலிருந்து வந்தது என்பது உண்மை. ஆனால் வந்த பிறகு அதற்கு உள்ளூரில் ஒரு பயன் கிடைத்தது; அந்தப் பயனே அதைக் காத்தது. தோற்றத்தையும் தொடர்ச்சியையும் பிரித்துப் பார்க்கும் அறிக்கையின் வாக்கியம் எவ்வளவு கூர்மையானது என்பது இந்தப் பின்னணியில் புரிகிறது. உருவாக்கவில்லை என்பது மெய். நிலைநிறுத்த விரும்பவில்லை என்று சொல்லும்போதோ, அதுவரை நிலைநிறுத்தியவர்களுள் தாங்களும் உண்டு என்ற உண்மை வாசலுக்கு வந்து நிற்கிறது. கையெழுத்திட்டவர்கள் அனைவரும் சாதியை மனத்தில் வைத்தே இதை எழுதினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அதற்குச் சான்று இல்லை. ஆனால் தோர்ணக்கல்லில் மாலா, மாதிகா என்ற இரு சமூகத்தாரையும் ஒரே சபையாக்க உழைத்துவந்த அசரியாவுக்கு, ஆவிக்குரிய சமத்துவம் குருமாரின் பட்டத்தோடு முடிந்துவிடும் ஒன்றாக இருந்திருக்க முடியாது. ஒவ்வொரு படியிலும் சமத்துவம் என்ற நிபந்தனையை ஏற்ற சபை, தன் கல்லறைத் தோட்டத்திலும் திருமண உறவிலும் அதை மறுத்தால், தான் கையெழுத்திட்ட சொல்லை மீறுகிறது. அறிக்கையின் மௌனத்தைக் கண்டிக்கும் அளவுகோல் அறிக்கைக்குள்ளேயே இருக்கிறது.

வேறு இரு மறுப்புகளுக்கு நீண்ட விடை தேவையில்லை. கூட்டத்தில் இருந்த ஓரிரு வெளிநாட்டவரின் கைவண்ணம் இது என்பது ஒன்று. கையெழுத்திட்டவர்கள் தங்கள் மனத்தைத் தாங்களே அறியாதவர்கள் என்று கொண்டால்தான் அவ்வாதம் நிற்கும். கூடியவர்களுக்குத் தங்கள் சபைகளின் அதிகாரம் இல்லை என்பது மற்றொன்று. தங்கள் சபைகளைக் கட்டுப்படுத்தாமல் தனிப்பட்ட முறையில் இணங்குவதாக அவர்களே எழுதியிருக்கிறார்கள். பொறுப்பைத் தம்மேல் போட்டுக்கொள்வோர் வேறு எப்படித் தொடங்குவார்கள்?

இருபத்தெட்டு ஆண்டுகளின் சான்று

அறிக்கையின் உட்கருத்து எது என்பதைப் பின்வந்த பேச்சுவார்த்தை காட்டிக்கொடுக்கிறது. 1925இல் மெதடிஸ்டுகள் சேர்ந்தனர். 1929இல் முதல் ஐக்கியத் திட்டம் வெளியானது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் நீண்ட வாதம் பிரிவினையைக் கொண்டுவந்தது யார் என்பதைப் பற்றியதாக இருக்கவில்லை. குருப்பட்டச் சமத்துவம் பற்றியதாகவே இருந்தது: பேராயரால் பட்டம் பெறாதவர் அந்த உரிமையோடு ஒன்றுபட்ட சபையில் திருவிருந்து நடத்தலாமா? 1919இல் இரு தரப்பும் மேசைமேல் வைத்தவைதான் கடைசிவரை விலைமதிப்புக்கு உள்ளாயின.

1945 ஜனவரி 1 அன்று அசரியா மறைந்தார். அதே மாதம் இந்திய, பர்மிய, இலங்கை ஆங்கிலிக்கன் சபையின் பொதுப்பேரவை ஐக்கியத்துக்கு இசைந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. ஏற்கெனவே குருப்பட்டம் பெற்றிருந்த எவரும் மறுபடி பட்டம் பெற வேண்டியதாக இல்லை. முப்பது ஆண்டு இடைக்காலத்தில் எந்தச் சபையின்மேலும் அதன் மனசாட்சிக்கு மாறான ஊழியம் திணிக்கப்படாது என்ற உறுதிமொழி தரப்பட்டது. கடந்தகாலத்தை மறுதலிக்க வேண்டாம் என்ற தரங்கம்பாடி வாக்கு இவ்வாறு சட்டமாயிற்று. 1948 லாம்பெத் மாநாடு புதிய சபையின் குருமாரைப் பற்றி ஒருமனப்படவில்லை. நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன் சபையார் வெளியே நின்றனர். இந்தக் காயங்களை வைத்து முயற்சியே தோற்றது என்போர், ஐக்கியத்தை விலை கொடுக்காமல் வாங்கும் பொருளாகக் கருதுகிறார்கள்.

இந்த வாசிப்பு ஏற்கப்பட்டால் இரண்டு விளைவுகள் உண்டு. ஒன்று ஆய்வு சார்ந்தது. தரங்கம்பாடி அறிக்கையைத் தேசியமா மிஷனா என்ற பழைய தராசில் இனி நிறுக்க வேண்டியதில்லை. பிரிவினையை மரபுரிமையாகப் பெற்றவர்களின் கடமை என்ன என்று கேட்ட இறையியல் ஆவணமாக அதைப் படிக்கலாம். அதன் மௌனங்களையும் அந்த அளவுகோலாலேயே மதிப்பிடலாம். மற்றொன்று திருச்சபை சார்ந்தது. கோட்பாட்டில் முழு உடன்பாடு வந்த பிறகு ஒன்றாகலாம் என்று காத்திருப்பதற்கும், பிரிவினை எங்கள் காலத்தில் தோன்றியதல்ல என்று கைகழுவுவதற்கும் இவ்வறிக்கை இடம் தரவில்லை. ஒரே கர்த்தரை அறிக்கையிடுவோர் தனித்தனிப் பந்தியில் அமரும் ஒவ்வொரு நாளும் பிரிவினை புதிதாக நிலைநிறுத்தப்படுகிறது. அதை நிலைநிறுத்துகிறவர்கள் அன்றைக்கு அந்தப் பந்தியில் அமர்ந்திருப்பவர்கள்தான்.